வயிற்றுவலியோடு ரத்தப்போக்கு: மோர் குடித்துக் காத்திருக்காதீர்கள்

"திடீர் வயிற்றுவலியோடு மலத்தில் ரத்தம் போவது வெறும் உடல்சூடு, மூலம், வெந்தயமும் மோரும் போதும்" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் தகவல் தவறானது, ஆபத்தானதும்கூட. உள்மூலத்தில் பெரும்பாலும் வலியின்றியே ரத்தம் போகும். இடப்பக்க அடிவயிற்றைச் சட்டென்று சுருட்டிப் பிடித்து, உடனே மலம் கழிக்கும் அவசரம் வந்து, ஒரு நாளுக்குள் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ரத்தம் வெளிப்பட்டால், பெருங்குடலுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது என்பதால், வீட்டுப் பெரியவர்கள் கூச்சப்பட்டு மறைக்காதபடி நாமே பக்குவமாகக் கேட்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் ரத்தம் சிறிதளவே போனாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி கடுமையானாலோ, மயக்கம் வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, தாமதிக்காமல் 10177 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிக்கென்று ஐபுப்ரோஃபென் விழுங்க வேண்டாம். அது ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.