ஓசி சாப்ட்வேர் என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை வணிகர் கூட்டத்தில் நடந்தது இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "ஓசி சாப்ட்வேரில் கடை நடத்தினால் வாடிக்கையாளர் பணத்துக்கு யார் பொறுப்பு?" மேடையில் நின்று, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் இலவச சாப்ட்வேரில் அமைத்துக் கொடுத்த சேலைக்கடை இணையதளத்தைத்தான் சொன்னார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஓசி இல்லை ஐயா, முறையான உரிமத்தோடு வருவது. இணையதளத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பித் தரும் வெப் சர்வர் சாப்ட்வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சி 1995-இலிருந்து இருக்கிறது. என்ஜின்எக்ஸ் 2004-இல் வந்தது. இரண்டின் உரிமமும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடை போடவில்லை, காசும் கேட்கவில்லை. தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான சான்றிதழுக்கு ஒரு காலத்தில் வருடா வருடம் பணம் கட்டினோம். 2015 டிசம்பரில் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வந்தபிறகு அதற்கும் தேவையில்லை. 90 நாள் சான்றிதழ், செர்ட்பாட் என்ற சாப்ட்வேர் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

உடனே "ஹார்ட்பிளீட் மறந்துவிட்டதா?" என்பீர்கள். மறக்கவில்லை. அந்தப் பூட்டுவேலையைச் செய்யும் இலவச சாப்ட்வேரான ஓப்பன் எஸ்எஸ்எல்லில் வந்த பாதுகாப்பு ஓட்டை அது. 2014 ஏப்ரல், வீட்டில் கரண்ட் இல்லை. போனிலிருந்து நெட் எடுத்து, லேப்டாப் சார்ஜ் இறங்க இறங்க ஏழு சர்வரில் ஓப்பன் எஸ்எஸ்எல்லை மாற்றினேன். அதோடு முடியவில்லை. தகவலைப் பூட்டும் பழைய ரகசியச் சாவி கசிந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் புதுச் சாவி, புதுச் சான்றிதழ். விடிந்துவிட்டது. திருத்தம் அன்றே கிடைத்தது, அதைப் போட ஆள் இருந்தான். பாதுகாப்பு என்றால் அதுதான்.

2021-இல் அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில் ஓட்டை வந்தது. 2.4.50-இல் அடைத்தார்கள், சரியாக அடைபடவில்லை. மூன்றே நாளில் 2.4.51 வந்தது. எல்லாம் ஊரறிய நடந்தது.

பணம் கட்டி வாங்கிய இடத்தின் கதையும் எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று இரண்டு வருடம் யாரும் அப்டேட் செய்யவில்லை. தீபாவளி விற்பனை அன்று காலை சான்றிதழ் காலாவதியாகி, கடையைத் திறந்தவர்களுக்கெல்லாம் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வந்தது. என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இலவச உரிமத்தில் உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கிறதாம். ஆமாம், இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியதன் ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

விலை போட்டு விற்கும் சாப்ட்வேருக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். ராத்திரி உட்கார்ந்து அப்டேட் போடுகிறவனுக்குக் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை. அந்தச் சேலைக்கடைக்கு மூன்று வருடமாகப் பராமரிப்புக்கென்று ஒரு ரூபாய் நான் வாங்கியதில்லை.

நேற்று அந்தக் கடைக்கார அக்கா போன் செய்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் சொல்றாங்க, காசு கட்டியே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?"

வாங்கலாம் அக்கா, ஆனால் அதையும் யாராவது அப்டேட் செய்யணுமே என்றேன். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார்.