இரண்டு டீயை நிறுத்தச் சொல்லும் கனவான்களுக்கு

கைப்பேசியைத் திறந்தாலே கோட்டும் டையுமாக யாராவது ஒருவர் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு இரண்டு டீ குடிப்பதை நிறுத்தி அந்தக் காசை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தால் வயதான காலத்தில் லட்சங்களோடு உட்காரலாம் என்று வகுப்பெடுக்கிறார். அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் 2025 செப்டம்பரிலிருந்து ஒரு டீ 15 ரூபாய். வேலை நாள் ஒன்றுக்கு இரண்டு என்றால் மாதம் 780 ரூபாய். இருபது ஆண்டுகள் விடாமல் கட்டி, ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ச்சியும் தவறாமல் கிடைத்தால் (கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அந்தக் கனவான் எழுந்து போய்விடுவார்) கையில் ஏழே முக்கால் லட்சம் வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், அந்தத் தொகை இன்றைய மதிப்பில் இரண்டரை லட்சத்தைக்கூட எட்டாது. இந்த இரண்டரை லட்சத்துக்காகத்தான், கிடங்கின் வாசலில் யாருடைய ஏவலும் இல்லாமல் நான் நிற்கிற ஒரே பத்து நிமிடத்தை, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு, விற்கச் சொல்கிறார்கள்.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் பில் போடும் வேலை எனக்கு. சம்பளம் 18,000 ரூபாய். அதில் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 135 போக வங்கிக்கு வருவது 16,425. நான் சேமிப்பதே இல்லை என்று குற்றம் சாட்டுகிறவர்கள், கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிற அந்த 1,440 ரூபாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பாதிப்பதில் தேவைக்கு ஐம்பது, ஆசைக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற புகழ்பெற்ற விதி ஒன்று இருக்கிறதே, அதன்படி என் குடும்பம் தேவைகளுக்குச் செலவழிக்கக் கூடிய தொகை 8,200 ரூபாய்ச் சொச்சம். வீட்டு வாடகை 7,000, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்காரருக்குக் கொடுப்பது எண்ணூறுக்கு மேல். மிச்சமிருக்கிற நானூறு ரூபாயில் ஐந்து பேர் ஒரு மாதம் சாப்பிட வேண்டும், இரண்டு பிள்ளைகள் படிக்க வேண்டும், எனக்குப் பேருந்துக் கட்டணமும் வேண்டும். ஆசைக்கென்று அந்த விதி ஒதுக்கித் தந்திருக்கிற 4,900 ரூபாய் எங்கள் வீட்டில் அரிசியாகவும் எண்ணெயாகவும் பள்ளி வேன் கட்டணமாகவும் உருமாறிவிடுகிறது. என் மனைவி ரவிக்கை தைத்துக் கொண்டுவரும் மூவாயிரமோ நாலாயிரமோ இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி வாரம் என்ற ஒன்றே எங்களுக்கு இருக்காது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன, சாதாரணப் பேருந்தில் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, மனைவிக்கு வரும் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் சிலிண்டருக்குப் போகிறது. இவை இருப்பதால்தான் கடன் கழுத்தளவில் நிற்கிறது. இவ்வளவையும் பெற்றுக்கொண்டு இன்னும் என்ன புலம்பல் என்று கேட்பவர்கள், இந்த உதவிகள் ஒரு குடும்பத்தைப் பசியிலிருந்து காக்கும் என்பதையும், பசிக்கு மேலே ஒரு குடும்பத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

என் வயிறு உண்மையில் எரிவது அட்வான்ஸ் விஷயத்தில்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும் என்று ஒரு ஓட்டையையும் விட்டு வைத்திருக்கிறது. சென்னையில் வீடு தேடி அலைகிறவனிடம் ஒப்பந்தத்தை நீட்டுகிறவர் யார், அதில் எதை எழுதுவது என்று தீர்மானிக்கிறவர் யார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? பத்து மாத வாடகை, எழுபதாயிரம் ரூபாய், நான் குடியேறிய அன்று வீட்டுக்காரர் கைக்குப் போனது. அதை அஞ்சலகத்தில் ஓராண்டு வைப்பில் போட்டிருந்தால் 6.9 விழுக்காட்டில் ஆண்டுக்கு 4,800 ரூபாய்க்கு மேல் வட்டி வந்திருக்கும். அந்த வட்டி இப்போது அவருக்கு. அந்த எழுபதாயிரத்தில் நாற்பதாயிரத்தை நான் இரண்டு வட்டிக்கு வாங்கினேன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும், ஆனால் ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. என் பணம் வட்டியில்லாமல் ஒருவரிடம் தூங்குகிறது, அந்தப் பணத்துக்கே நான் வேறொருவருக்கு மாதம் 800 ரூபாய் வட்டி கட்டுகிறேன். இரண்டு டீயின் மாதச் செலவைவிட இது இருபது ரூபாய் அதிகம் என்பதை முதலில் பேசிய கனவான் குறித்துக்கொள்ளட்டும். காலி செய்யும்போது வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் மீதி வரும். அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் வாடகையை உயர்த்தியிருப்பார், அந்த உயர்வுக்குப் பத்து மடங்கு அட்வான்ஸும் கூடியிருக்கும். மின்சார வாரியம் வீட்டுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வசூலிக்கிற வீட்டில் அந்த இலவச மின்சாரம் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டால், பிடிக்கவில்லையென்றால் வேறு வீடு பாருங்கள் என்ற பதில் தயாராக இருக்கிறது.

காசில்லாதவன் எதையும் மொத்தமாக வாங்க முடியாது, மொத்தமாக வாங்க முடியாதவன் எல்லாவற்றுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கைப்பேசிக்கு 28 நாளைக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்கிறவனுக்கு ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். ஓராண்டுக்குச் சேர்த்துப் போட்டால் கணிசமாகக் குறையும்தான், ஆனால் ஒரே நாளில் மூவாயிரத்து ஐந்நூறை எடுத்து வைக்க முடிகிறவனுக்குத்தான் அந்தச் சலுகை. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய்க்குப் பாஸ் இருக்கிறது. வாடகையும் வட்டியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது அந்த ஆயிரத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாத மாதங்களில், தினமும் டிக்கெட் எடுத்து அதைவிட அதிகமாகத்தான் செலவழிக்கிறேன். வங்கியின் கதை இதைவிடக் கேவலமானது. பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கு, நான் வேலை மாறியதும் சாதாரணக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் பிடித்துப் பிடித்து, பையனின் பள்ளிக்கென்று நான் அதில் ஒதுக்கி வைத்திருந்த தொகையைக் கரைத்துவிட்டது. கணக்கில் பணம் இல்லை என்பதற்காகப் பணம் பிடிக்கிற இந்த நியாயத்தை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது. இது என் ஒருவன் தலையெழுத்து என்று நினைத்திருந்தேன். ஆனால் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த வகையில் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்திருக்கின்றன என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கி 2020 இலேயே இந்த வசூலை நிறுத்திவிட்டது. முதல் ஆண்டைத் தவிர மற்ற ஆண்டுகளில் அதன் பங்கு இல்லாமலே இவ்வளவு. இல்லாதவர்களிடமிருந்து 8,500 கோடி!

எங்கள் பெற்றோர் இதைவிடக் குறைந்த வருமானத்தில் சேமித்தார்களே என்று அடுத்த கேள்வி வரும். சேமித்தார்கள், உண்மை. அம்மா அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பதுக்கி, குண்டுமணி குண்டுமணியாகத் தங்கம் வாங்கினார். அப்பாவுக்குத் தெரியாமல் அவர் சேர்த்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பரில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயின, அது வேறு கதை. 2020 தொடக்கத்தில் ஒரு பவுன் முப்பதாயிரம் ரூபாய்ச் சுமாரில் இருந்தது. அப்போது என் சம்பளம் 13,000, அதாவது இரண்டரை மாதச் சம்பளத்துக்குள் ஒரு பவுன். 2025 இறுதியில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்போது ஐந்தரை மாதச் சம்பளத்தை முழுதாகக் கொட்டினாலும் ஒரு பவுன் வராது. ஆறு ஆண்டுகளாக நான் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை, அதே கிடங்கில் அதே நாற்காலியில் பில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நகைச்சீட்டில் பதினோரு மாதம் கட்டினால் கடைசியில் ஒரு மூக்குத்தியும் ஒரு ஜோடித் திருகும் வருகின்றன. தீபாவளிச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்தவர் ஒரு புரட்டாசியில் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தார், பலகாரமும் வரவில்லை, பட்டாசும் வரவில்லை.

ஆவணியும் தையும் வந்தால் பத்திரிகைகள் குவியும். மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வர முடியாது. நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் எழுதிய தொகை நோட்டில் இருக்கும்போது, அதற்குக் குறைவாக எழுதினால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சு ஓயாது. எந்த நிபுணரின் பட்டியலிலும் மொய்க்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது, நாங்கள் சிரித்தால் அதற்குக் கணக்குக் கேட்கிறவர்களைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்துபோனால், கடன் வாங்கியிருக்கிறவனுக்கு பிரியாணி கேட்கிறதா என்று பார்வையாலேயே கேட்கிறார்கள். மகளின் பிறந்தநாளுக்கு அரைக் கிலோ கேக் வாங்கினேன் என்று, என் சித்தப்பா, கேக்கைச் சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டே, இந்தக் காசைச் சேர்த்து வைத்திருக்கலாமே தம்பி என்றார். இரண்டு பிள்ளைகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு மால் தியேட்டருக்குப் போனால் டிக்கெட்டுக்கு மட்டும் 750 ரூபாயைத் தாண்டுகிறது. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று தியேட்டர்காரர் தடுக்கலாம், குடிக்கத் தண்ணீர் மட்டும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இடைவேளையில் பிள்ளைகளுக்கு நான் சட்டப்படி வாங்கித் தர முடிகிற ஒரே விருந்து ஒரு டம்ளர் தண்ணீர். பூங்காவுக்குப் போகலாமே என்பீர்கள். கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணமே 100 ரூபாய். உள்ளே இருக்கும் பலவற்றுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் கட்டிய பூங்காவின் வாசலில் நின்றுகொண்டு, எதை எதைப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேரம் பேசுகிற தகப்பனின் நிலைமையை, கட்டணத்தை நிர்ணயித்த அதிகாரி ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருப்பாரா? மெரினாவுக்குக் கட்டணமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஜ்ஜியும் ராட்டினமும் பலூனும் கண்முன்னே இருக்க, அலையை மட்டும் பார்த்துவிட்டு வா என்று இரண்டாம் வகுப்புப் பையனிடம் சொல்ல முடிந்தவர்கள் என்னைவிடக் கல்நெஞ்சக்காரர்கள்.

மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவர் கோவா போய்வந்தால் மன அழுத்தம் குறைய வேண்டுமல்லவா என்கிறார்கள்; அதையே பதினெட்டாயிரம் வாங்குகிறவன் மனைவியோடு ஒரு படத்துக்குப் போனால் ஊதாரி என்கிறார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று இந்த மண்ணில்தான் சொன்னார்கள், அதற்காக எந்த உழவனையும் பொங்கல் கொண்டாடாதே என்று யாரும் தடுக்கவில்லை. என்னுடைய மொத்தச் சந்தோஷச் செலவையும், டீயிலிருந்து கேக்வரை, ஒரு ரூபாய் விடாமல் நிறுத்தினாலும் அட்வான்ஸ் கடனின் வட்டியும் ஒரு பிள்ளையின் வேன் கட்டணமும்தான் தேறும். சம்பளம் போதாது என்ற ஒரே காரணத்தைப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை, ஏனென்றால் அதைப் பேசினால் முதலாளியிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும். என் டீயைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு டையும் போதும்.

மகளின் பள்ளியில் அடுத்த மாதம் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். தலைக்கு 900 ரூபாய். வகுப்பில் தான் மட்டும் போகாமல் இருந்துவிடுவதாக அவளே சொன்னாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இப்போதே எங்கள் வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்குப் போடுகிறது. நேற்றுப் பணத்தைக் கட்டிவிட்டேன். இதனால் அஞ்சலகத்தில் அவள் பெயருக்கு நான் கட்டி வரும் ஐந்நூறு ரூபாய் ஆர்.டி. இந்த மாதம் தவறும். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் ஐந்து ரூபாய் அபராதம். அதைச் சேர்த்தே கட்டிக்கொள்கிறேன், சித்தப்பாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.