சிவப்பு டெலிபோன் என்று ஒன்று இருந்ததே இல்லை

நெருக்கடி வந்தால் அமெரிக்க, சோவியத் தலைவர்கள் நேரே பேச வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் சிவப்பு டெலிபோன் இருந்தது என்பது சினிமாக்காரர்கள் கட்டிவிட்ட கதை. 1963இல் போட்டது டெலிபிரிண்டர் லைன்: இங்கே தட்டச்சு செய்தால் அங்கே தாளில் அச்சாகும். எழுத்து மட்டும் போகும், குரல் போகாது. யோசித்துத்தான் அப்படிப் போட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரி.

முந்தைய வருஷம், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்த விவகாரத்தில் பட்ட பாடு அப்படி. அக்டோபர் 26, வாஷிங்டன் நேரப்படி காலையிலேயே சோவியத் தலைவர் குருஷேவின் கடிதம் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்துவிட்டது. மொழிபெயர்த்து, சங்கேதமாக்கி, துண்டு துண்டாகத் தந்தியடித்து, இந்தப் பக்கம் முழுசாகக் கைக்கு வரும்போது இரவு ஒன்பது. 'கியூபா மேல் படையெடுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள், சிக்கல் தீரும்' என்பதுதான் சாரம். அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள், மறுநாள் காலை மாஸ்கோ ரேடியோ இன்னொரு கடிதத்தை வாசிக்கிறது: துருக்கியிலுள்ள அமெரிக்க ஜூபிடர் அணு ஏவுகணைகளையும் எடுங்கள் என்று. எதை நம்புவது?

வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின் பாடு இன்னும் மோசம். சங்கேதத் தந்தியை வாங்கிப்போக வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனிப் பையன் சைக்கிளில் வருவான். வழியில் எங்கேயும் நின்றுவிடாமல் போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்பட்டதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஜூபிடர்களை நாலைந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று 27ஆம் தேதி இரவு அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி பேரம் பேசியது இந்தத் தூதரிடம்தான்.

அதே நாள் கியூபா அருகே கடலுக்கடியில் சோவியத்தின் பி-59 நீர்மூழ்கி. 'மேலே வா' என்று சொல்ல அமெரிக்கக் கப்பல்கள் சின்னச் சின்ன வெடிகளைப் போட்டன. அந்த வெடிக்கு என்ன அர்த்தம் என்று மாஸ்கோவுக்கு முன்கூட்டியே குறிப்பு அனுப்பியிருந்தார்கள். நீர்மூழ்கிக்கு அது போய்ச் சேரவில்லை. உள்ளே இருந்தவர்கள் தாக்குதல் என்றே நினைத்தார்கள். அவர்களிடம் அணு டார்பிடோ ஒன்று இருந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் 1963 ஜூன் 20இல் ஜெனிவாவில் ஒப்பந்தம். ஆகஸ்ட் 30இல் லைன் வேலை செய்ய ஆரம்பித்தது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாகக் கேபிள். மொராக்கோவின் டாஞ்சியர் வழியாக ரேடியோ மாற்று வழி. மாற்று வழி இல்லாவிட்டால் கதை கந்தல்தான்: டென்மார்க்கில் புல்டோசர் ஒருமுறை கேபிளை அறுத்தது, பின்லாந்தில் விவசாயி ஒருவர் உழும்போது அறுத்தார்.

எனக்குப் பிடித்த விதி இது: அவரவர் மொழியிலேயே அனுப்ப வேண்டும், மொழிபெயர்ப்பது வாங்குகிறவர் வேலை. அனுப்புகிறவர் அவசரத்தில் மொழிபெயர்த்துச் சொதப்புவது அதோடு போயிற்று. போனாக இருந்தால் நடுராத்திரியில், அரைத் தூக்கத்தில், துபாஷியின் காதையும் வாயையும் நம்பிப் பேச வேண்டும். ஒரு சொல் தடித்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தாளில் வந்தால் நாலு பேர் படிக்கலாம், மறுபடி படிக்கலாம், பதிலைக் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம்.

இந்த லைனுக்கு நிஜமான சோதனை வந்தது 1967 ஜூனில், இஸ்ரேலும் அரபு நாடுகளும் மோதிய மத்திய கிழக்குப் போரின்போது. சோவியத் பிரதமர் கோசிகினின் செய்தி வந்தபோது லைன் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில்தான் முடிந்திருந்தது. வெள்ளை மாளிகைக்கு இணைப்பே இல்லை! நாலு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா அவசரமாக ஏற்பாடு செய்தார். மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் லிபர்ட்டி கப்பலை இஸ்ரேல் தாக்கியதும், அமெரிக்க விமானங்கள் அந்தப் பக்கம் கிளம்பின. சோவியத் ராடார்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாதே என்று அதிபர் ஜான்சன் அதே லைனில் எழுதி அனுப்பினார்: என்ன நடந்தது என்று பார்க்கத்தான் போகிறார்கள்.