மெலடோனின் துளி இருக்கட்டும், முதலில் பல்பை மாற்றுங்கள்

"குழந்தை ராத்திரி பன்னிரண்டு வரை தூங்குவதில்லை, மெலடோனின் துளி கொடுக்கலாமா?" பெற்றோர் குழுக்களில் வாரம் தவறாமல் வரும் கேள்வி. ஒரு வயதுக்குள் என்றால் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். 'அமெரிக்காவில் எல்லாரும் கொடுக்கிறார்களே' என்பவர்களுக்காகத்தான் இந்த நீளப் பதிவு.

மெலடோனின் ஆளை அடித்துப் போடும் மருந்தில்லை. பொழுது இருட்டிவிட்டது என்று மூளையின் பீனியல் சுரப்பி உடம்புக்கு அனுப்பும் தகவல், அவ்வளவுதான். பிறந்த குழந்தைக்கு அது இரவு பகல் பார்த்துச் சுரப்பதில்லை. ஏறத்தாழ 3 மாதத்தில்தான் தாளம் பிடிபடும். அதுவரை பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் கொட்டக் கொட்ட விழிப்பது நோயே இல்லை. இடைப்பட்ட காலத்துக்குத் தாய்ப்பால் இருக்கிறது: இரவுப் பாலில் மெலடோனின் உண்டு, பகல் பாலில் கிட்டத்தட்ட இல்லை. பால் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பையின்மேல் தேதியோடு நேரத்தையும் எழுதி, இரவுப் பாலை இரவுக்கே வைத்துக்கொள்ளலாம். பால் பற்றாக்குறை என்றால் எந்த நேரத்துத் தாய்ப்பாலானாலும் கொடுங்கள்.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். அங்கே இது மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. 2023-ல் 25 மெலடோனின் கம்மிகளை (மென்று தின்னும் மிட்டாய் வடிவம்) சோதித்ததில் 22-ல் அட்டையில் போட்ட அளவு தவறு. அதிகபட்சமாக மூன்று மடங்குக்கும் மேல். ஒன்றில் மெலடோனினே இல்லை! குழந்தைகள் இதை விழுங்கியதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு 2012-ல் வந்த தகவல்கள் 8,337, 2021-ல் 52,563. பிரிட்டனில் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காது. ஆட்டிசம் உள்ள சற்றே பெரிய குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தருவது வேறு விஷயம்.

வீட்டில் செய்ய வேண்டியது வெளிச்ச வேலை. தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, உடனே ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டியூப்லைட், டிவி, செல்போன் மூன்றுக்கும் விடுமுறை. மெலடோனினை அதிகம் அமுக்குவது நீல ஒளி. நம் படுக்கையறையிலோ நீல நிற சீரோ வாட்ஸ் பல்பு! (பேர்தான் சீரோ, பழைய குண்டு பல்பு 15 வாட்ஸ் வரை தின்னும்.) சிவப்பு போடுங்கள், இல்லாவிட்டால் முழு இருட்டு. நடுராத்திரி டயப்பர் மாற்றவும் அந்தச் சிவப்பு வெளிச்சம் போதும்.

6 மாதம் தாண்டிய குழந்தைகளிடம் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 11 மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை 8 மணிக்குப் படுக்கப் போட்டு மூன்று மணி நேரம் போராடுகிறார்கள். உடம்புக்கு இன்னும் இரவு வரவில்லையே, எப்படித் தூங்கும்? முதலில் 11 மணிக்கே படுக்க வையுங்கள். படுத்த 15, 20 நிமிடத்தில் தூங்க ஆரம்பித்ததும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே இழுங்கள். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் தளர்த்தாதீர்கள், தளர்த்தினால் எல்லாம் பாழ். சாயங்காலம் 5 மணிக்குமேல் குட்டித் தூக்கமும் வேண்டாம்.

தூளி பற்றிச் சொன்னால் பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. ஆட்டித் தூங்கிய குழந்தை, ஒரு மணி நேரத்துக்குள் தூக்கச் சுற்று முடிந்து அரைவிழிப்பு வரும்போதெல்லாம் ஆட்டத்தைத் தேடும். அதைவிட முக்கியம், வளைந்த துணியில் தாடை நெஞ்சில் முட்டிச் சின்னக் குழந்தைக்கு மூச்சு தடைபடலாம். சமமான, அழுத்தமான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

சளி சிரப்பைத் தூக்கத்துக்குக் கொடுப்பது மெலடோனினைவிட மோசம். சில சிரப்புகளில் வரும் புரோமெத்தசின் என்ற தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்து 2 வயதுக்குள் மூச்சையே அடக்கிவிடலாம்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று வாரமாகியும் புரண்டு புரண்டு படுக்கிறதா, குறட்டை விடுகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? மருத்துவரைப் பாருங்கள். மூச்சு நிற்கிறதென்றால் வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போங்கள். 6 மாதத்துக்குமேல் வெறும் பாலிலேயே ஓடும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறைந்தாலும் தூக்கம் கெடும். மெலடோனின் கேட்பதற்கு முன் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கலாமா என்று கேளுங்கள்.