சவ்வுக் கறிக்குத்தான் ஸ்லோ குக்கர்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் போன் செய்து புலம்பினார். கொழுப்பும் சவ்வும் இல்லாத மென்கறியான டெண்டர்லாயின் வாங்கி, எட்டு மணி நேரம் ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானை) போட்டாராம். சாண்ட்விச்சுக்கு எடுத்தால் மரத்தூள் மாதிரி இருக்கிறதாம். கொடுத்த விலையைக் கேட்டதும் எனக்கே வயிறு எரிந்தது.

விலை உயர்ந்த கறிக்கு இதில் வேலையே இல்லை. சவ்வும் கொழுப்பும் ஓடும் முரட்டுக் கறிதான் வேண்டும். மாட்டின் தோள்பட்டை, இங்கே சிகாகோ கடைகளில் 'சக் ரோஸ்ட்' என்று எழுதியிருக்கும். நாளெல்லாம் நடந்து உழைத்த தசை அது. அதிலுள்ள கொலாஜன் என்ற சவ்வுப் புரதம், 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் மணிக்கணக்கில் கிடந்து ஜெலட்டினாக உருகும். கறியை மெத்தென்று வைப்பது அதுதான். டெண்டர்லாயினில் உருகுவதற்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்தப் பாத்திரம் பிறந்த கதையும் எளிய சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. இதைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸனின் அம்மா லித்துவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். ஓய்வுநாளுக்கு முந்தைய மாலை, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சோலன்ட் பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். அணைந்துவரும் சூட்டிலேயே அது இரவு முழுக்க வேகும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்து மகன் செய்த மின்பானைக்கு 1940இல் காப்புரிமை கிடைத்தது. அதுவே 1971இல் க்ராக்பாட் என்ற பெயரில் வீடுகளுக்குள் நுழைந்தது.

சரி, என் வழக்கம் இது. மூன்று பவுண்டு கறியில் உப்பும் மிளகும் தடவி, வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்துக்கொள்வேன். அப்புறம் பூண்டு, ஆரிகனோ, ஒரு பாட்டில் பெப்பரொன்சினி (ஊறவைத்த, காரம் குறைந்த மிளகாய்), அரை கப் பீஃப் ஸ்டாக். அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டாதீர்கள். மூடிய பானையில் ஆவி எங்கும் போகாது, கறியே போதுமான சாறு விடும். குறைந்த சூட்டுக்கான 'லோ'வில் எட்டு மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்தால் சூடு இறங்கிவிடும் (எங்கள் வீட்டில் திறந்து பார்த்துத் திட்டு வாங்குபவன் நான்தான்). ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே போடவே கூடாது. அது மெல்லச் சூடேறுவதற்குள் கிருமி பெருகிவிடும்.

இதை இத்தாலியன் பீஃப் (இந்த ஊரின் பெயர்பெற்ற மாட்டிறைச்சி சாண்ட்விச்) என்றால் சிகாகோக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். கடைகளில் கறியை வாட்டி, ஆறவைத்து, இயந்திரத்தில் காகிதம்போல் சீவி, சாற்றில் போட்டுத் தருகிறார்கள். வீட்டில் அந்த இயந்திரத்துக்கு எங்கே போவது? இரண்டு முள்கரண்டியால் பிய்க்க வேண்டியதுதான்.

பிய்த்ததைப் பஞ்சு பன்னில் மட்டும் வைக்காதீர்கள், ஒரே நிமிடத்தில் கூழாகிவிடும். மேல்தோல் முறுகலான இத்தாலிய ரொட்டி வேண்டும். மேலே ஜார்டினேரா: எண்ணெயில் ஊறிய காரட், செலரி, காலிஃபிளவர், மிளகாய். ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாத எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

அப்புறம் முழு சாண்ட்விச்சையும் சாற்றில் ஒரு முக்கு. சொட்டும். இங்கே கடைகளில் முழங்கைகளை மேடைமேல் ஊன்றி, உடம்பைப் பின்னால் தள்ளி நின்று சாப்பிடுவார்கள். நான் சிங்க் மேல் குனிந்துகொள்கிறேன்.