வோட் கூடினால் பில் கூடுமா?

பிளேன்டீ போட 2000 வோட் கேத்தல் வாங்கினால், 1000 வோட்டை விட இரண்டு மடங்கு கறண்ட் பில் வரும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை அண்ணா. பில் போடுவது யூனிட்டுக்குத்தான் (1000 வோட் சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்). கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஒரு லீற்றர் கொதிக்க எந்தக் கேத்தலிலும் கிட்டத்தட்ட 0.1 யூனிட்தான் போகும். 2000 வோட் கேத்தல் சுமார் 3 நிமிடத்தில் முடித்துவிடும், 1000 வோட் கேத்தல் 6 நிமிடம் இழுக்கும். இழுக்கிற நேரத்தில் சூடும் கொஞ்சம் வீணாகும்.

சந்தேகமென்றால் ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு, மீற்றரில் மின்னும் சின்னச் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள் (பழைய மீற்றர் என்றால் தட்டு சுற்றுவதை). தண்ணீர் அளவு ஒன்றாக இருந்தால், இரண்டு கேத்தலுக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு முழுக் கேத்தலையும் நிரப்புகிறோமே, பில்லை ஏற்றுவது அதுதான்.