ஜன்னலை சாத்திக்கணுமாம்

"ஜன்னலை சாத்திக்கோங்கக்கா."

நேத்து ராத்திரி 11.45க்கு கீழ் கடை ஓனர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். இப்ப அடுத்த நாள் ராத்திரி 12.30, இன்னும் காதுல அதேதான் ஓடுது. வீட்டுக்கு கீழ ஃபாஸ்ட்ஃபுட் கடை இருக்கறவங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்ல, நீங்களும் இந்நேரம் முழிச்சிட்டுதான் இருப்பீங்க.

பையனுக்கு பத்தாவது பப்ளிக், காலைல கணக்கு பரீட்சை. சீக்கிரம் படுடான்னு 10.30க்கே லைட்டை அணைச்சேன். இருபது நிமிஷம் கூட ஆகல, இருமல். முதல்ல அவன், அப்புறம் மாமியார், அப்புறம் நான். கீழ மாஸ்டர் காயுற எண்ணெய்ல சில்லி சாஸை ஊத்தியிருக்காரு, அந்த நெடி எக்சாஸ்ட் குழாய் வழியா நேரா எங்க ரூமுக்குள்ள. குழாய்ன்னா ஏதோ மொட்டை மாடிக்கு மேல போகுதுன்னு நினைச்சுக்காதீங்க. பின்பக்க சுவத்துல ஓட்டை போட்டு ஒரு தகரக் குழாயை வெளில நீட்டி மேல பார்த்து வளைச்சு விட்டிருக்காங்க, அது முடியற எடத்துக்கும் எங்க ஜன்னலுக்கும் நடுவுல மூணடி கூட கிடையாது. ஜன்னல்ல அடிச்சிருக்கற கொசு வலை போன தீபாவளிக்கு மாத்துனது, வெள்ளை வலை. இப்ப மஞ்சளா இருக்கு. விரல் வெச்சா பிசுக்குனு ஒட்டுது, ஒவ்வொரு கண்ணியிலயும் எண்ணெய் சின்ன சின்ன சொட்டா நிக்குது, அதுல தூசு புடிச்சு பூனை முடி மாதிரி தொங்குது. அந்த வலைக்கு இந்த பக்கம்தான் வீசிங் இருக்கற என் மாமியார் தலை வெச்சு படுக்கறாங்க.

நைட்டி மேல துண்டை போட்டுக்கிட்டு இறங்கிப் போனேன். சண்டைக்கு போகல, சத்தியமா கேக்கத்தான் போனேன். "தம்பி, பையனுக்கு காலைல பரீட்சைப்பா, அந்த ஃபேனை கொஞ்சம் நிறுத்துங்களேன்." கல்லால உக்காந்திருந்த ஓனர் போனை விட்டு தலையை தூக்கல. "ரெண்டே ஆர்டர்க்கா, அஞ்சு நிமிஷம்." சரின்னு நின்னேன். கல்லா மேல இருக்கற பணம் வந்தா கத்துற பொட்டி "தொண்ணூறு ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துச்சு. ஒரு எக் நூடுல்ஸ் போச்சு. "நூற்று எண்பது ரூபாய்", ரெண்டு சிக்கன் ரைஸ் போச்சு. டெலிவரி பையன் ஒருத்தன் எங்க கேட்டுக்கு குறுக்க வண்டியை நிறுத்திட்டு ஹாரன் அடிக்கறான். அடுப்பு ஜெட் மாதிரி உறுமுது, மாஸ்டர் ஒவ்வொரு பிளேட் முடிஞ்சதும் கரண்டியால சட்டி விளிம்புல டங் டங்குன்னு ரெண்டு தட்டு தட்டறாரு, எதுக்கு அந்த ரெண்டு தட்டு, ரைஸ் வெந்துச்சுன்னு ஊருக்கே சொல்லணுமா? கோபி மஞ்சூரியன் போச்சு. மறுபடி ரைஸ். நான் அங்கயே நிக்கறேன், 20 நிமிஷம், ஒருத்தனும் உக்காருங்கன்னு கூட சொல்லல. மறுபடி கேட்டேன். அப்பதான் சொன்னான், போனை பார்த்துக்கிட்டே, ஜன்னலை சாத்திக்கோங்கக்கான்னு.

யார் ஜன்னலை யார் சாத்தறது? எங்களுக்கு இருக்கறது ஒரே ரூம், ஒரே ஜன்னல். மேல நேரா மொட்டை மாடி, பகல் பூரா காஞ்ச தளம் ராத்திரி 2 மணி வரைக்கும் அனல இறக்கும். அதுல ஜன்னலையும் சாத்திட்டு மூணு பேர் எப்படி மூச்சு விடறது? நாங்க இந்த வீட்டுக்கு வந்து 19 வருஷம், உன் குழாய் வந்து எட்டு மாசம். தகர வேலை செய்யறவர்கிட்ட நானே போய் கேட்டுட்டு வந்தேன், குழாயை மொட்டை மாடிக்கு மேல கொண்டு போறது ஒரு நாள் வேலைன்னாரு. ஒரே ஒரு நாள் வேலை. அதை செய்ய மனசில்லாதவன் எட்டு மாசமா என் புள்ளைய இரும வெக்கறான்.

தெருவுல யார்கிட்ட சொன்னாலும் "பொழப்பும்மா, விடு"ங்கறாங்க. எனக்கு பொழப்பு தெரியாதா? இங்க தண்டையார்பேட்டைல யார் பொழப்பு இல்லாம இருக்கா? சாப்பாட்டு மேலயும் எனக்கு கோவம் கிடையாது, பர்மாவுல இருந்து திரும்பி வந்த சனங்க பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டில போட்ட அத்தோ நூடுல்ஸை தின்னு வளர்ந்தவ நான். அந்த வண்டிக்காரங்க யாரும் எவன் வீட்டு ஜன்னல்லயும் புகையை விட்டதில்ல. வடசென்னைக்காரங்க மூக்குன்னா எல்லாருக்கும் இளக்காரமா போச்சு. கொடுங்கையூர் குப்பைமேடு எரிஞ்சா நமக்கு, மணலி பக்கம் கேஸ் வாடை அடிச்சா நமக்கு, ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரி புகை நமக்கு, இப்ப சில்லி சிக்கன் நெடியும் நமக்கேவா?

சட்டம் இல்லாமயும் இல்ல. 2000லயே சத்தத்துக்கு விதி போட்டாச்சு, ஜனங்க குடியிருக்கற எடத்துல ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல்தான். ரெண்டு பேர் சாதாரணமா பேசுனாலே அதை தாண்டிடும், இவங்க அடுப்பு சத்தத்தை என்னன்னு சொல்றது. புகார் குடுத்தேன், மூணாவது நாள் "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. அந்த மெசேஜை நான் படிக்கறப்பவும் கீழ டங் டங்.

சிலிண்டர் கதை வேற. நீலக் கலர் 19 கிலோ சிலிண்டர் ரெண்டு, எங்க மாடிப்படிக்கு கீழ, இபி மீட்டர் பொட்டிக்கு ஒட்டி. ஒவ்வொரு தடவை படி இறங்கறப்பவும் வயித்த கலக்குது. பழைய எண்ணெயை கடை சாத்தறப்ப அப்படியே சாக்கடைல ஊத்தறாங்க, அது உள்ள போய் இறுகி அடைச்சுக்கிட்டு கீழ் வீட்டம்மா பாத்ரூம்ல தண்ணி எதிர்த்துக்கிட்டு வருது, அந்தம்மா போன வாரம் சாக்குப்பை போட்டு அடைச்சிட்டு என்னை கூப்பிட்டு காட்டி அழுதாங்க. பொரிச்ச எண்ணெயை வாங்கிட்டு போய் பயோடீசல் பண்ண 2018லயே மத்திய அரசு திட்டம் போட்டிருக்கு, ஊத்தித்தான் ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

பையன் காலைல கண்ணு செவந்து போனான். எப்படிடா எழுதனேன்னா "கடைசி அஞ்சு மார்க் கணக்கு விட்டுட்டேம்மா, தூக்கம் வந்துடுச்சு"ங்கறான். திட்ட வாய் வரல. சோறு போட்டு படுக்க வெச்சேன்.

இதை டைப் பண்றப்ப எங்கயோ தண்ணி கொட்டற சத்தம். பக்கத்து போர்ஷன்காரங்க மறுபடி மோட்டரை போட்டுட்டு தூங்கிட்டாங்க, டேங்க் நிறைஞ்சு வழியுது, வழியற எடத்துலதான் நாளைக்கு பையன் போட்டுட்டு போக வேண்டிய யூனிஃபார்ம் காயுது. இருங்க, போய் கதவை தட்டிட்டு வரேன்.